மேசை மேல் எல்லா நாயும் நடுங்கும்

என் மேசை மேல் ஏற்றப்படும் நாய்களில் பெரும்பாலானவை நடுங்கும். வழுக்கும் ஸ்டீல் மேசை, டெட்டால் வாடை, போன மாதம் ஊசி போட்ட அதே கை, வெளியே பெஞ்சடியில் குரைத்துக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத நாய் ஒன்று. இவ்வளவு போதும். ஒரு நோயும் இல்லாத ராஜபாளையம்கூட வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வெடவெடவென்று உதறும். ஆகவே, "சார், நடுங்குது பாருங்க" என்று ஒருவர் கொண்டுவந்து நிறுத்தும்போது, நான் பார்க்கிற நடுக்கமும் அவர் வீட்டில் பார்த்த நடுக்கமும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது. பயத்தில் வரும் நடுக்கம் நோயில் வரும் நடுக்கத்தை மூடி மறைத்துவிடும். நாய் வாய் திறந்து சொல்லப்போவதில்லை. அதற்காகப் பேச வேண்டியவர் வளர்ப்பவர். வீட்டில் அவர் கண்ணால் பார்த்ததுதான் என் முதல் பரிசோதனை. தெர்மாமீட்டரும் ஸ்டெதாஸ்கோப்பும் அதற்கு அப்புறம்தான்.

திருத்தணியில் தொழில் தொடங்கிய காலத்தில் எனக்கு மாடும் ஆடும்தான் வேலை. சினை ஊசி, பால் காய்ச்சல், ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி என்று நாள் ஓடும். நாய் என்றால் மாந்தோப்பைக் காப்பது, அல்லது தெருவில் கிடப்பது. இன்று மலையடிவாரத் தெருக்களில் பொமரேனியனும் லாப்ரடாரும் பக்கும் ஷிட்சுவும் வீட்டுப் பிள்ளைகளாக வளர்கின்றன. தறி ஓடும் பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டிலிருந்து வருகிறார்கள். திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். எல்லை தாண்டி நகரியிலிருந்தும் வருகிறார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. "வெடவெடன்னு ஒதறுது சார்" என்பார் ஒருவர். "குக்க வணுகுதோந்தி சார்" என்பார் அடுத்தவர். யார் எப்படிச் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது இவற்றைத்தான். எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? சோறு தின்றதா? தூங்கும்போதும் நடுக்கம் இருக்கிறதா?

பதில் நேராக வந்தால் பாதி நாய்களை மருந்தில்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

குளிர் நடுக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு குளிர்ந்தால் மூளை தசைகளை விடாமல் சுருங்கி விரியச் சொல்லும். அந்த உழைப்பில் சூடு பிறக்கும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்முடையதைவிடக் கூடுதல். அதனால்தான் நல்ல நாயைத் தொட்டாலும் "சுடுது" என்று தோன்றுகிறது. மார்கழி, தை மாதத்துப் பின்னிரவில் மலையடிவாரத்தில் பனி இறங்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு ரோமம் உடம்போடு ஒட்டியிருக்கும், தோலடியில் கொழுப்பும் கிடையாது. வறண்ட காட்டில் முயல் விரட்ட அமைந்த உடல்வாகு அது. வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் விடியற்காலையில் நடுங்கத்தான் செய்யும். சின்னக் குட்டியும் கிழ நாயும் மொட்டை அடித்த ஷிட்சுவும் அப்படித்தான். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் கோணி, ஒரு பழைய போர்வை போதும். சாயங்காலம் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு முற்பகல் வெயிலில் குளிப்பாட்டித் துவட்டுங்கள். கதகதப்பான இடத்தில் போட்டு அரை மணி நேரத்துக்குள் நடுக்கம் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் குளிரைக் காரணம் சொல்வதை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வருகிறவரைப் பார்த்த சந்தோஷத்தில் உடம்பெல்லாம் உதறுவது, தூக்கத்தில் கால் துடித்து முனகுவது, ஈரத்தை உதறுவது எல்லாம் கவலைப்பட ஒன்றுமில்லாதவை. தூக்கத்தில் துடிக்கும் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்து உங்களைப் பார்க்கும், துடிப்பும் நின்றுவிடும்.

சித்திரை, வைகாசியில் கதை வேறு. கோடையில் வானிலை அறிக்கை வெயில் ஊர்களைப் பட்டியல் போடும்போது திருத்தணி பேர் அடிக்கடி அதில் இருக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எங்களுக்குப் புதிதல்ல. அந்த வெயிலில் ஒரு நாய் நடுங்கினால் அதற்குக் குளிரவில்லை. ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் வெயில் தாக்கு. தகரக் கொட்டகையில் கட்டிப்போட்ட நாயும், கண்ணாடி ஏற்றிய காரில் அடைத்துவைத்த நாயும், மூக்குச் சப்பையான பக்கும் இப்படி வரும். விடாமல் இளைக்கும், ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும், எச்சில் கெட்டியாக ஒழுகும், கால் தள்ளாடும், தசை துடிக்கும். தெர்மாமீட்டர் 106-ஐத் தாண்டியிருக்கும். நடுங்குகிறதே என்று போர்வை போர்த்திக் கொண்டுவருபவர்கள் உண்டு. அதில் நாயின் உயிரே போய்விடும். குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுவதும் நனைத்து, மின்விசிறிக்கு அடியில் போட்டு, கொஞ்சம் சூடு தணிந்த பிறகு கிளம்புங்கள். வழியிலும் காற்றுப் பட வேண்டும். ஈரத்துணியால் மூடிப்போட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது பயம். ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊரில் கால் வைக்க இடமிருக்காது. புஷ்பக் காவடி, பம்பை, உடுக்கை, அரோகரா, விடிய விடிய பஸ் ஹாரன். அது முடிந்தால் தீபாவளி. அதற்கப்புறம் டிசம்பர் 31 இரவு மலையில் படித் திருவிழா, கீழே புத்தாண்டு வெடி. இந்த மூன்றையும் ஒட்டிய நாட்களில் என் தொலைபேசி ஓயாது. தறிக்கூடத்தில் பிறந்து வளர்ந்த நாய் தறிச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்காது. அதே நாய் ஓலைவெடி ஒன்று வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பழகிய சத்தத்தை நாய் தாங்கும். எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று தெரியாத சத்தத்தைத்தான் அதனால் தாங்க முடியாது.

வெடிக்குப் பயந்து நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. பயம் என்பது நாய் வேண்டுமென்றே செய்யும் காரியமல்ல, தடவிக்கொடுத்து வளர்த்துவிடுவதற்கு. அருகில் உட்காருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டிவந்து, ஜன்னல் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மூலையை விட்டுக்கொடுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் நாலைந்து கிலோமீட்டர் தாண்டி எங்கேயாவது நிற்கும், வழி தெரியாது. ரொம்பப் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் தீபாவளி அன்றைக்கு மாலையில் வந்து "தூங்குறதுக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்காதீர்கள். சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், பயம் அப்படியே இருக்கும். அசைய முடியாமல் கிடந்து பயப்படுவது நடுங்குவதைவிடக் கொடுமை. பயத்தையே குறைக்கிற மருந்துகள் வேறு. எந்த நாய்க்கு எது, எவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்னதாக வாருங்கள். சத்தம் அடங்கிச் சில மணி நேரத்தில் நாய் பழையபடி சோறு தின்ன வேண்டும். மறுநாளும் நடுங்கினாலோ, இத்தனை காலம் வெடிக்குப் பயப்படாத நாய் வயதான பிறகு புதிதாகப் பயந்தாலோ காட்டுங்கள். மூட்டுவலி உள்ள நாய்க்குச் சத்தத்தின் மேல் பயம் கூடுவது உண்டு.

பயத்தையும் குளிரையும் தள்ளிவிட்டால் இந்த ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலை. "நேத்துல இருந்து சோறே துண்ல சார், ராத்திரி பூரா நடுங்கிச்சு" என்று தொடங்குவார்கள். நான் காது மடலைத் திருப்புவேன். கால்விரல் இடுக்கை விரிப்பேன். இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி ஆமணக்கு விதை போல அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். தெர்மாமீட்டர் 104 காட்டும். கிருமி உள்ளே போனதும் மூளை உடம்பின் வெப்ப அளவை மேலே தூக்கி வைக்கிறது. அந்த அளவை எட்டும்வரை தசைகள் நடுங்கிச் சூடு சேர்க்கின்றன. காய்ச்சல் வந்த மனிதன் குளிர்கிறது என்று போர்வை கேட்பது எதனாலோ, நாய் நடுங்குவதும் அதனாலேயேதான்.

காது நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைப்பேன். எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி வெள்ளணுவுக்குள் ஊதா நிறத்தில் சின்னக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். எல்லாத் தகட்டிலும் சிக்காது. தேடித் தேடிக் கண் வலிக்கும். கிடைக்காவிட்டால் தட்டணு எண்ணிக்கையும் கிட் பரிசோதனையும் சொல்லும். 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியை விவரித்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கணக்கான ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை இரத்தம் கசியவிட்டுக் கொன்றது இதே நோய்தான். இங்கே நெசவாளி வீட்டு டாமிக்கு மூக்கில் இரத்தம் வந்தாலும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி வந்தாலும் அதே கதைதான். சரியான நேரத்தில் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து ஓடும். ஓடுகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. சாதாரணமாக 28 நாள் கொடுக்க வேண்டும். விட்டால் கிருமி எலும்பு மஜ்ஜையில் தங்கி, மாதங்கள் கழித்து இரத்தமே ஊறாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது பபீசியா, அதே உண்ணி கொண்டுவரும் இன்னொரு நோய். அதற்கு மருந்து வேறு. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள்.

குட்டி போட்ட நாய் நடுங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதைப் படிக்கும் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு இரவு பொமரேனியன் ஒன்றைத் துண்டில் சுற்றி, டி.வி.எஸ். எக்செல்லில் ஒரு தம்பியும் அவர் மனைவியும் கொண்டுவந்தார்கள். ஐந்து குட்டி, போட்டு மூன்று வாரம். மத்தியானம் குட்டிகளை விட்டு எழுந்து எழுந்து அலைந்திருக்கிறது. சாயங்காலம் கால் விறைத்து நடந்திருக்கிறது. வரும்போது முகம் துடித்தது, காது இரண்டும் பின்னால் இழுத்திருந்தன, உடம்பெல்லாம் உதறல். காய்ச்சல் 106. பால் சுரக்கச் சுரக்க இரத்தத்தில் இருந்த கால்சியம் வற்றிப்போயிருந்தது. மாட்டுக்கும் இதே குறை வரும். ஆனால் மாடு சில்லிட்டுச் சோர்ந்து படுத்துவிடும். நாய் சூடேறித் துடிக்கும்.

முன்காலின் நரம்பில் ஊசிக் குழாயைச் செருகிக் கால்சியம் குளுக்கோனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு கை சிரிஞ்சில், காதில் ஸ்டெதாஸ்கோப். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். துடிப்பு தயங்கினால் கையை நிறுத்தி, சீரானதும் மறுபடி விட வேண்டும். முதலில் முகத்துத் துடிப்பு அடங்கியது. பிறகு காது தளர்ந்தது. இளைப்பு குறைந்தது. மருந்து முடியும் நேரத்தில் அந்த நாய் தலையைத் தூக்கித் துண்டுக்குள் குட்டியைத் தேடியது. அந்தப் பெண் அப்போதுதான் அழுதார். "ஒரு நாள் குட்டிங்களைப் பிரிச்சு வைம்மா, நாய்க்குட்டிக்குன்னு பால் பவுடர் இருக்கு, அதைக் கலக்கிக் குடு" என்று சொல்லி அனுப்பினேன். அவர் சினைக்காலம் முழுவதும் கால்சியம் டானிக் கொடுத்திருந்தார், நல்லது என்று நினைத்து. சினையில் அதிகக் கால்சியம் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வேலையை மறந்துவிடும். பால் வந்ததும் தடுமாறும். சினை நாய்க்கு நல்ல சாப்பாடு போதும். கால்சியம் எப்போது என்று மருத்துவர் சொல்லட்டும்.

வயல் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் நடுக்கம் இன்னொரு வகை. உண்ணி நிறைய இருக்கிறதே என்று வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் தேய்த்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் நீர், வாயில் நுரை எச்சில், கட்டுப்பாடில்லாமல் மூத்திரம், கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். தோலுக்கு அடியில் தசை நெளிந்து நெளிந்து ஓடுவது விலாவில் கை வைத்தாலே தெரியும். இந்த நேரத்தில் புளித்தண்ணி, எண்ணெய், உப்புக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். பாட்டிலில் உள்ள பேர் தெரிந்தால்தான் அட்ரோபினா, வேறு மருந்தா என்று உடனே முடிவெடுக்க முடியும். எலி மருந்து தின்ற நாயும், மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய நாயும், விருந்து முடிந்து குப்பையில் பூஞ்சணம் பூத்துக் கிடந்ததைத் தின்ற நாயும் இப்படி நடுங்கியே வரும். பாம்பு கடித்திருந்தால், நல்ல பாம்பாக இருக்கும் பட்சத்தில், இமை சரிந்து கால் துவளும். கண்ணாடி விரியனாக இருந்தால் கடித்த இடம் வீங்கி இரத்தம் கசியும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து செய்யும் மருந்து மனிதரைக் காப்பாற்றுவது போலவே நாயையும் காப்பாற்றும். நேரம் மட்டும் கடந்துவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவரின் கண் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அழுத்தமாக உணர்த்தியது டிஸ்டெம்பர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் ஏழு மாத நாயைக் கொண்டுவந்தாள். மேசைமேல் எல்லா நாயையும் போலத்தான் அதுவும் நடுங்கியது. தனியாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் மொபைலை நீட்டினாள். நாய் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. நெற்றிப் பொட்டும் தாடையும் மட்டும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கின்றன. தூக்கத்திலும் விடாமல் ஒரே இடத்தில் ஒரே கதியில் வரும் துடிப்பு டிஸ்டெம்பர் மூளைக்கும் நரம்புக்கும் ஏறியதன் அடையாளம். ஒரு மாதத்துக்கு முன் கண்ணில் பீளை, மூக்கில் சளி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டேன். இருந்திருக்கிறது, சரியாகிவிட்டது என்று விட்டிருக்கிறார்கள். தடுப்பூசி போட்டிருக்கவில்லை. வலிப்பு வராமல் பார்த்துக்கொள்ள மருந்து கொடுத்தோம். அந்த நாய் பிழைத்தது. துடிப்பு நின்றுவிடவில்லை. அதோடேயே வாழப் பழகிக்கொண்டது. இந்த வைரஸை 1905-இல் பிரான்சில் ஹென்றி கார்ரே அடையாளம் கண்டார். 2018-இல் கீர்க் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றின் உடம்பில் இதே வைரஸ் இருந்தது. சிங்கத்தையே சாய்க்கும் நோய்க்கு நம் வீட்டு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி கிடைக்கிறது. போட்டுக்கொள்ளாமல் இருக்கக் காரணமே இல்லை.

வயதான லாப்ரடாரின் பின்னங்கால் நிற்கும்போது நடுங்கினால், "வயசாயிடுச்சு சார்" என்று வீட்டுக்காரர்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வயதுக்குத் தசை வற்றுவது உண்மைதான். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் பெரும்பாலும் வலி இருக்கிறது. நாய் வலிக்குக் கத்துவது குறைவு. படி ஏறத் தயங்கும், முதுகை வளைத்து நிற்கும், தொட வந்தால் நகர்ந்துகொள்ளும், இரவில் இடம் மாறி மாறிப் படுக்கும். முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தால் ஒரு இடத்தில் தோல் சிலிர்த்து நடுக்கம் கூடும். டாஷ்ஹண்ட் போன்ற நீள முதுகு நாய்க்குத் திடீரென்று வந்தால் முதுகெலும்புத் தட்டு நழுவியிருக்கலாம். அன்றைக்கே காட்டாவிட்டால் பின்னங்கால் விழுந்துவிடும். மூட்டுவலி என்றால் எடை குறைப்பதும், வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரிப்பதும் மாத்திரைக்குச் சமமாக உதவும். கிழ நாய் நடுக்கத்தோடு நிறையத் தண்ணீர் குடித்து, இளைத்து, வாய் நாற்றமும் அடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

நடுக்கத்தையும் வலிப்பையும் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி பேர் சொல்லிக் கூப்பிடுவது. நடுங்கும் நாய் உங்களைப் பார்க்கும். வலிப்பில் இருக்கும் நாய் பார்க்காது. கால் உதைக்கும், தாடை மெல்லும், மூத்திரம் போய்விடும். கையில் சாவிக்கொத்து கொடுக்கிற பழக்கம் மனிதருக்கும் உதவாது, நாய்க்கும் உதவாது. வாய்க்குள் விரல் விடாதீர்கள். சுற்றியுள்ள சாமானை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சின்ன இனக் குட்டி ஒரு வேளை தின்னாமல் துவண்டு நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கும். ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று உண்டு. நடுக்கத்தோடு தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறிய நாய். "எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று வாயில் கைவிட்டுப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். தடுப்பூசி போடாத நாய் என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. கட்டிப்போட்டு, குழந்தைகளை விலக்கி, எங்களைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டவர்கள் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும்.

இரவில் மருத்துவர் கிடைக்காத ஊர்களிலிருந்துதான் எனக்கு அதிகம் அழைப்பு வருகிறது. அவர்களுக்கு முதலில் சொல்வது, வீட்டு அலமாரியில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைத் தொடாதீர்கள் என்பது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாய்க்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்துவிடும். நடுக்கத்துக்கு வந்த நாய் மாத்திரை தின்றதால் செத்துப்போவதைப் பார்க்க மனசு பொறுக்காது. இரண்டாவது, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தோ மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் காத்திருக்காதீர்கள். மூன்றாவது, நடுங்கும்போது ஒரு நிமிடம் மொபைலில் படம் பிடியுங்கள்.

நடுக்கம் மட்டும் இருந்து, நாய் உங்களைப் பார்த்து வாலாட்டி, சோறு தின்று, ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் காலைவரை பொறுக்கலாம். நடுக்கத்தோடு வாந்தி, எச்சில், தள்ளாட்டம், காய்ச்சல், மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், குட்டி போட்ட தாயாக இருந்தாலும், விஷம் என்று சந்தேகம் இருந்தாலும் அந்த நேரமே கிளம்புங்கள். பெரிய பரிசோதனை வேண்டியிருந்தால் எங்களுக்கு இரண்டு வழி. கிழக்கே 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரி. வடக்கே 1955-இல் தொடங்கிய திருப்பதிக் கால்நடைக் கல்லூரி. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசிக்காமல் எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்கே போங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பார்க்கும் மோசமான நடுக்கங்களில் பல வந்தே இருக்க வேண்டியதில்லை. டிஸ்டெம்பருக்குக் குட்டி 6 முதல் 8 வாரத்தில் இருக்கும்போதே ஊசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம்வரை போட வேண்டும். வெறிநோய்க்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்களும் நடத்துகிறார்கள். உண்ணிக்கு நாய்க்கென்றே வரும் மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. அதோடு சுவர் வெடிப்பையும் மாட்டுக் கொட்டகை இடுக்கையும் பூசி அடைத்தால் வீட்டில் உண்ணி முட்டை வைக்க இடமிருக்காது. ஒரு நாயின் நாலைந்து நாள் சிகிச்சைச் செலவில் இவை எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குச் செய்துவிடலாம். தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்து அடுத்த தேதி எது என்று பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.